வெருகின் தடம்: வடமராட்சித் தோட்டவளவுகளிற் பகை யார்?

வல்வெட்டித்துறை என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்திற் கற்றோர் மனத்திற் கடலே விரியும். இவ்வூரிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டிலே அத்திலாந்திக்கைத் தாண்டி ஐக்கிய அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த செய்தி மேடைதோறும் பேசப்படுவது; பேசப்பட வேண்டியதுந்தான். ஆயின், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே ஒரு மைல் தூரம் நடப்போர் வேறோர் ஊரைக் காண்பர். வல்வெட்டி, கம்பர்மலை, கெருடாவில் என விரியும் அவ்வுள்நிலத்திலே கிணற்றை நடுவில் வைத்துச் சிறு சிறு தோட்டங்கள் உள்ளன. வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் பயிராகும். வளவின் ஒரு மூலையில் ஆட்டுக்கொட்டில், மறுமூலையிற் கோழிக்கூடு, பின்னே பனங்கூடல். ஊரிக்காடு என்னும் குறிச்சியிலே காடு பெயரளவில் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆனாற் காட்டுயிர்கள் பெயரளவில் எஞ்சியவை அல்ல. அவை வேலிக்கு அப்பாலும் சில வேளை வேலிக்கு இப்பாலும் வாழ்ந்துகொண்டே இருக்கின்றன.

இவ்வளவுகளில் விடியற்காலையில் நிகழும் ஒரு நிகழ்ச்சி வடமராட்சியார் எவருக்கும் புதிதன்று. கோழிக்கூட்டின் கதவு சரிந்து கிடக்கும். இறகுகள் வேலிவரை சிதறியிருக்கும். முதல்நாள் மாலை அடைத்த ஒன்பது கோழிகளில் ஆறு மிஞ்சியிருக்கும். வீட்டுக்காரி திகைத்து நிற்க அயலவர் கூடுவர். ‘மரநாய்தான்’ என்பார் ஒருவர். ‘பாம்பு வந்திருக்கும்’ என்பார் மற்றொருவர். பொழுது சாய்வதற்குள் விறகுக் குவியலிலோ பற்றையிலோ அகப்பட்ட ஏதாவதோர் உயிர் அடிபட்டுச் சாகும். பெரும்பாலும் அது ஒரு சாரைப்பாம்பாக இருக்கும். சாரையொன்று மூன்று பெருங்கோழிகளை ஓரிரவில் விழுங்கி, இறகையும் வேலிவரை சிதறவிட்டுச் செல்லுமா என எவரும் வினவார். சாட்சியும் விசாரணையுமின்றி, நிலத்திற் கிடக்கும் தடத்தை ஒருமுறை குனிந்து பார்க்கவும் செய்யாது வழங்கப்படும் இந்தத் தீர்ப்பு அறியாமையின் விளைவாகும். அதனால் மிகுந்த நட்டம் அடைபவன், தீர்ப்பு வழங்கிய தோட்டக்காரனே.

தடம் பார்த்தல் அரிய கலையன்று. நாயின் அடித்தடத்திலும் நரியின் அடித்தடத்திலும் நகக்குறி விழும். நரியினுடையது ஒடுங்கி நீண்டிருக்கும். பூனையினம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால், காட்டுப்பூனையின் தடத்தில் நகக்குறி இராது. மதிலின்மேலோ கூரை விளிம்பிலோ பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் காணப்படின் அது மரநாயினுடையது. மரநாய் ஊனோடு பழத்தையும் மிகுதியாக உண்பது. பனையிற் கட்டிய முட்டியிலுள்ள கள்ளையும் அது விட்டுவைப்பதில்லை என்பது சீவல் தொழிலாளரின் பழைய முறைப்பாடு. கீரி பகலிலே திரிவது. ஆதலால், இரவிற் போன கோழிக்குக் கீரியைக் குற்றஞ்சாட்டுவது வழக்கையே தள்ளுபடி செய்யத்தக்க பிழை. நட்டநடுப் பகலில் முட்டை மறைந்தால் உடும்பையும் காகத்தையும் ஐயுறலாம்; குஞ்சு மறைந்தாற் பருந்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நரி தனக்கு வேண்டியதைக் கவ்விக்கொண்டு போய்விடும். போன வழியில் இறகுகள் ஒரு கோடுபோலச் சில தூரம் கிடக்கும். பாம்பு முட்டையை முழுதாக விழுங்குமாதலால் ஓட்டுத்துண்டுகள் மிஞ்சுவதில்லை.

இனி, கொன்றவற்றைத் தின்னாது கொட்டிலெங்கும் சிதறவிட்டுச் செல்லும் உயிர் ஒன்றுண்டு. நாலைந்து ஆடுகளின் பின்தொடையைக் கடித்துக் குதறி, அவற்றிற் பாதி உயிரோடு துடிக்கவிட்டுச் செல்வதும் அதுவே. காட்டிலிருந்து வந்ததன்று அது. சந்தியிலே பிறந்து, இறைச்சிக்கடைக் கழிவிலும் கலியாண மண்டபத்துக் குப்பையிலும் வளர்ந்த கட்டாக்காலி நாய். தடத்தைப் படிக்கத் தெரிந்த தோட்டக்காரன் எவனும் தன் இழப்பிற் பெரும்பங்கை இதன் கணக்கிலேயே எழுதுவான். ஆயினும் ஊரின் சினம் நாயின்மீது பாய்வதில்லை. நாய்க்குத் தெருவில் யாரோ சோறு வைக்கிறார்கள். நாயைப்பற்றி முறையிட்டால் அயலில் மனத்தாங்கல் வரும். குப்பையை யார் அகற்றுவது என்ற வினாவும் எழும். சாரையை அடித்தால் எவரோடும் பகையில்லை. நீதி எளியவன் தலையிலேயே விடியும் என்பது மனிதர் வழக்குகளில் மாத்திரம் கண்ட உண்மையன்று போலும்.

இவ்வுயிர்கள் வளவுக்குள் ஏன் வருகின்றன என்பதே அடிப்படை வினா. கோழியைத் தேடி வருகின்றன என்பதே ஊரார் விடை. தமிழ் கற்போர் இவ்விடையை ஏற்றுக்கொள்வது வியப்புக்குரியது. ஏனெனில் அவர்கள் பாடமாகக் கற்கும் நூலிலேயே வேறு விடை இருக்கிறது. குறுந்தொகையின் 107ஆம் பாடலிலே, விடியலை அறிவித்துக் கணவனோடு கொண்ட இன்துயிலைக் கலைத்த சேவலைத் தலைவி சபிக்கிறாள். காட்டுப்பூனைக் குட்டிக்கு அது இரையாகட்டும் என்கிறாள். பாடியவர் மதுரைக் கண்ணனார். அக்குட்டிக்கு அவர் கொடுக்கும் அடைமொழியைக் கவனித்தல் வேண்டும். நள்ளிரவில் வீட்டெலியை நோக்கிப் பதுங்கியிருக்கும் குட்டி என்பதே அவர் தரும் விவரம். வெருகு வந்தது எலிக்காக. சேவல் அதற்கு எதிர்பாராத விருந்து. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட புலவர் ஒருவர் ஓர் அடைமொழிக்குள் அடக்கிவைத்த இயற்கையறிவை, அப்பாடலுக்குத் திணையும் துறையும் கூற்றும் எழுதி முழுப்புள்ளி பெறும் தலைமுறை கண்டுகொள்ளவில்லை.

புறநானூற்றின் 326ஆம் பாடல் இதனிலும் அணுக்கமானது. ஊரின் பழைய வேலியடியில் வெருகு பதுங்கியிருக்க, அதனை அஞ்சிய பேடைக்கோழி இருளிற் கதறுகின்றது. நூல் நூற்கும் பெண்ணொருத்தி சிறுவிளக்கை ஏற்றுகிறாள். அவ்வொளியிற் சேவலைக் கண்டு பேடை அடங்குகிறது. தங்கால் பொற்கொல்லனார் என்னும் புலவர் இங்கே வேலி, வெருகு, கோழி, விளக்கேந்திய பெண் ஆகியவற்றை ஒரே காட்சியில் நிறுத்திவிட்டார். வல்வெட்டித்துறை வளவுகளின் இரவு இதனின் அதிகம் வேறானதன்று. அப்பெண் செய்தது விளக்கேற்றியது மட்டும். தடியெடுத்து வெருகைத் தேடிச் சென்றதாகப் பாட்டிற் செய்தியில்லை. பண்டையோர் எல்லாவுயிரையும் அணைத்து வாழ்ந்தனர் என்ற போலிப் பெருமைக்கு இதைச் சான்றாக்குவதும் தவறு. அதே பாடலிலே வேட்டைச் சிறுவர் உடும்பைப் பிடித்து வருகின்றனர். அதன் இறைச்சி தயிரோடு சமைக்கப்பட்டு விருந்தாகிறது. பண்டையோர் கொன்றனர், தின்றனர். ஆயினும் எதனை எதற்காகக் கொல்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று அடித்துக் கொன்று ஒழுங்கையிற் போடப்படும் சாரையை எவரும் தின்பதுமில்லை.

இது இலக்கிய நயம் பேசுவோரின் வீண் விவகாரம் என எண்ணுவோர் 2024ஆம் ஆண்டின் டிசெம்பர் மாதத்தை நினைவுகூர்தல் நன்று. நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையின் வெள்ளம் வடியுமுன்னரே வடமராட்சியில் இனந்தெரியாத காய்ச்சலால் மனிதர் இறக்கத் தொடங்கினர். பருத்தித்துறை, கரவெட்டி என்னும் பெயர்கள் நாளேடுகளில் நாள்தோறும் வந்தன. சில நாட்களுக்குள் ஏழு பேரளவில் மாண்டபின், அது எலிக்காய்ச்சல் என ஆய்வுகூடச் சோதனை உறுதிசெய்தது. எலியின் சிறுநீரிற் கலந்து வெளிவரும் நுண்ணுயிர், வெள்ளம் தேங்கிய வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு இறங்குவோரின் புண்வழியாக உட்புகும். சுகாதாரத்துறையினர் தடுப்பு மருந்தைக் கமக்காரரிடையே வழங்கினர், நோய் அடங்கியது. மாடும் நாயும்கூட இக்கிருமியைக் காவக்கூடியவை. வெள்ளம் இன்றேல் நோய் இவ்வளவு பரவியிராது. ஆதலின், சாரையைக் கொன்றதனால் மனிதர் மாண்டனர் என நேர்க்கோடு வரைவது நேர்மையாகாது. ஆயின் இவ்வளவு கூறலாம்: எலியின் கருப்பகாலம் ஏறத்தாழ மூன்று வாரம், ஓரீற்றில் ஆறு முதற் பத்துக் குட்டிகள்வரை பிறக்கும். இத்தகைய ஓர் இனத்தை இரவும் பகலும் கூலியின்றி வேட்டையாடும் சாரையையும் வெருகையும் கீரியையும் கூகையையும் ஒழித்துவிட்டு, எலி பெருகியதென்று முறையிடுவோரின் அறிவை என்னவென்பது?

கூகையின் கதை தனித்துப் பேசற்குரியது. சாக்குருவி என்று பெயரிட்டு, அது கூரையில் அமர்ந்து அலறினால் வீட்டிலே சாவு விழும் எனக் கல்லெறிந்து கலைக்கும் வழக்கம் பட்டதாரிகள் நிறைந்த வீடுகளிலும் உண்டு. இப்பறவை விழுங்கிய எலியின் மயிரையும் எலும்பையும் உருண்டையாக்கிக் கக்கும். பாழ்வீடுகளின் அடியிற் கிடக்கும் அவ்வுருண்டைகளைப் பிரித்துப் பார்க்கும் மாணவன், மூடநம்பிக்கை ஒழிப்புச் சொற்பொழிவு பத்துக் கேட்டதன் பயனை அரைமணி நேரத்திற் பெறுவான். தமிழ்த் தொழிலாளர் பல்லாண்டுகள் உழைத்த மலேசியத் தோட்டங்களிலே, எண்ணெய்ப்பனைக் குலைகளைத் தின்னும் எலிகளைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குப் பெட்டிகள் அமைத்துக் கொடுத்தனர். இசுரவேலிலே 1983ஆம் ஆண்டு ஒரு கூட்டுப்பண்ணையில் இம்முறை தொடங்கியது. பின்னர், 2002 அளவில், யோர்தான் நாட்டுக் கமக்காரரும் அதில் இணைந்தனர். பகைநாட்டு எல்லையைக் கடந்தும் கூகை நம்பப்பட்டது. வடமராட்சியிலோ கடைக்குச் சென்று எலிநஞ்சு வாங்குகின்றனர். குருதியை உறையவிடாது செய்யும் அந்நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலி கூகைக்கும் பாம்புக்கும் எளிய இரை. எலிக்கு வைத்தது எலியின் பகைவனையும் தீர்த்துக்கட்டும். தப்பிய எலிகள் விரைவாகவே பெருகும். மறுபடியும் கடைக்குச் செல்ல வேண்டும். வணிகருக்கு நல்ல ஏற்பாடுதான்.

ஊனுண்ணியொன்று மறைந்தால் மனிதன் என்ன விலை கொடுக்கிறான் என்பதற்கு இந்தியப் பெருநிலத்தின் பாறுக் கழுகுகள் சான்றாகும். கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்குளோபினக் என்னும் வலிநீக்கி மருந்து, அவற்றின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. 1990களிற் கோடிக்கணக்கில் அவை மடிந்தன. 2006இலே அம்மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்துதல் தடைசெய்யப்பட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது. தின்பாரற்ற பிணங்கள் அழுகின, நாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. எயால் பிராங்கு, அனந்த் சுதர்சன் என்னும் பொருளியலாளர் இருவர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, 2000 முதல் 2005 வரையான காலத்தில் இதனால் மேலதிகமாக ஏறத்தாழ ஐந்து இலட்சம் மனிதர் இறந்தனர் என மதிப்பிடுகிறது. அருவருப்புக்குரிய பறவை என ஒதுக்கப்பட்ட ஒன்று செய்துவந்த தொழிலின் பெறுமதி அது போன பிறகே தெரியவந்தது.

இவ்விடத்திலே எதிர்த்தரப்பினர் எழுப்பும் வலிமையான வாதம் ஒன்றுண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. பாம்பு கடிக்கிறது, மனிதர் சாகின்றனர். 2012–2013 காலத்தில் இலங்கை முழுவதும் வீடுவீடாக நடத்தப்பட்டு 2016இல் வெளிவந்த ஆய்வு, ஓராண்டில் 80,000க்கு மேற்பட்ட கடிகளும் 30,000 அளவிலான நஞ்சேற்றங்களும் 400 இறப்புகளும் நிகழ்வதாகக் கணித்தது. மருத்துவமனையை எட்டாத கடிகளும் இதில் அடங்கும். குடாநாட்டில் நாகமும், புடையன் எனப்படும் கண்ணாடி விரியனும், மணற்பாங்கான இடங்களிற் சுருட்டை விரியனும் உள்ளன. வெங்காயத்துக்கு நீர்பாய்ச்ச இருட்டோடு இருட்டாக இறங்கும் தாயிடம், ‘பாம்பு உழவனின் தோழன்’ என்று சுவரொட்டி வாசகம் பேசுவது கொடுமை.

ஆயினும் அத்தாயைக் காப்பது எது எனக் கேட்டுப் பார்த்தால் விடை தடியாக அமையாது. புடையன் எலியை நாடியே வளவுக்குள் வரும். எலிவளையே அதற்கு வீடும் ஆகும். வரம்பில் மிதிபடும்போது கடிக்கும். கட்டுவிரியன் நிலத்திற் பாய்விரித்துத் துயில்வோரையே பெரும்பாலும் இரவிற் கடிக்கிறது. கட்டிலும் நுளம்புவலையும் உள்ள வீட்டில் அதன் கடி அரிது. காலுக்குச் சப்பாத்து, கைக்கு ஒரு ரோச் விளக்கு, தானியமூடை வைக்கும் இடத்திலே துப்புரவு, கடிபட்டவரைப் பார்வை பார்க்கக் கொண்டுபோய் நேரத்தைப் போக்காது மருத்துவமனை சேர்த்தல் ஆகிய இவை உயிர்காப்பவை. தடியோ பெரும்பாலும் நஞ்சில்லாச் சாரையின் தலையிலேயே விழுகிறது. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. நாகதம்பிரானுக்குப் பால் வைக்கும் குடும்பத்தார், பாவம் வரும் என அஞ்சி நஞ்சுள்ள நாகத்தை வழிவிட்டு அனுப்புவர். நாகத்தோடு கூடுவது என்று கட்டிய கதையை நம்பி, ஒரு தீங்கும் செய்யாத சாரையை அடிப்பர். பின்னிப் பிணைந்து ஆடுவனவாகக் காணப்படுபவை இரண்டு ஆண் சாரைகள்; அது அவற்றின் மற்போர். கீரிமலையிலே கீரிமுகம் நீங்கிய நகுல முனிவரின் கதையைப் பத்தியோடு கேட்டு, தீர்த்தமாடித் திரும்பியவர், வளவுக்குட் கீரியைக் கண்டதும் கல்லெடுக்கும் காட்சியையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

மறுபுறத்திலே, இயற்கை நேயர் என்ற பெயரில் உலவுவோரும் கண்டனத்துக்குத் தப்பக்கூடாது. சுண்டிக்குளத்துக்கு வண்டியிற் சென்று பூநாரையைப் படமெடுத்துத் திரும்புவோருக்குக் கோழியின் விலை தெரியாது. போருக்குப் பின்னர் ஆண்துணையின்றிக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு ஒன்பது கோழி என்பது பிள்ளையின் கொப்பியும் கடைக்காரரின் கடனும் ஆகும். அதில் மூன்று போனால் அம்மாதத்தின் கணக்கே தவறிவிடும். அவ்வாறு இழந்தவளைப் பார்த்து ‘எல்லா உயிரும் வாழவேண்டும்’ என உபதேசிப்பது வயிறு நிறைந்தவரின் சைவம். வாழ்வாதார உதவி வழங்குவோரும் எத்தனை குஞ்சு கொடுத்தோம் என்று அறிக்கை எழுதுவதோடு நின்றுவிடலாகாது. அக்குஞ்சுகளில் எத்தனை ஓராண்டின் பின்னரும் உயிரோடிருந்தன, கூட்டின் கம்பிவலை எத்தகையது என்பனவே கேட்கத்தக்க வினாக்கள்.

வேலியின் வரலாற்றையும் இங்கே நோக்க வேண்டியுள்ளது. கிளுவையும் பூவரசும் கதிகாலாக நட்டு, பனையோலையாற் கட்டி, அடியிலே கறுக்குமட்டை செருகிய வேலி யாழ்ப்பாணத்தின் அடையாளமாக இருந்தது. ஆண்டுதோறும் வேலியடைப்பு நடைபெறும். பொட்டு எங்கே விழுந்திருக்கிறது, எந்த உயிர் அதன் வழியே போய்வருகிறது என்பது அந்நாட்களில் வீட்டாருக்குத் தெரியவரும். கதிகாலின் குழை தோட்டத்துக்குப் பசளையாயிற்று. இன்று தகரமும் சீமெந்து மதிலும் அவ்விடத்தைப் பிடித்துவிட்டன. மதில் கள்வனைத் தடுக்கலாம். மரநாய்க்கு அது நடைபாதை. ஓலைவேலியில் வாழ்ந்த ஓணானும் சிறுபறவையும் தவளையும் மதிலில் வாழ்வதில்லை. ஊனுண்ணிக்கு வேலியோரத்திற் கிடைத்த இரை இல்லாமற்போக, எஞ்சியது கோழிக்கூடே.

இதனிலும் பெரியது பூட்டிய வளவுகளின் சங்கதி. இலண்டனிலும் தொறன்ரோவிலும் குடியேறியோரின் வீடுகள் வல்வெட்டித்துறையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை உள்ளன. 1987ஆம் ஆண்டின் வடமராட்சிப் போர் தொடங்கி, அலையலையாக வெளியேறியோரின் துன்பத்தை எவரும் பழிக்க இயலாது. ஆயினும் பூட்டிய படலைக்குப் பின்னே பற்றை வளர்கிறது. இடிந்த சுவருக்குள் எலியும், எலியைத் தேடிப் பாம்பும், கூரைக்குள் மரநாயும் குடிபுகுகின்றன. வெறுங்கிணறு வாய் திறந்து கிடக்கிறது. அயல்வளவில் இருப்பவள் கோழியை இழக்கிறாள். கோயில் திருவிழாவுக்கு ஆயிரமாயிரம் அனுப்பும் வெளிநாட்டு உறவினர், தம் வளவை ஆண்டுக்கு இருமுறை துப்புரவாக்கக் கூலி அனுப்பத் தயங்குவதேன்? இவ்வினாவைக் கோயிற் பொதுக்கூட்டத்தில் எழுப்பும் துணிவு எவருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. பழி காட்டுயிரின்மேற் போடப்படுவதன் வசதி இதுவே. காட்டுயிருக்கு வெளிநாட்டில் உறவினர் இல்லை.

அரசின் போக்கோ நகைப்புக்குரியது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. 1949இலிருந்து அதற்கெனத் திணைக்களமும் உண்டு. எனினும் பயிரழிவைப் பற்றிய முறைப்பாடுகள் பெருகியபோது நிகழ்ந்தவை இவை: 2023இலே ஓரிலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவது என்ற யோசனை அமைச்சர் மட்டத்திற் கிளம்பி, எதிர்ப்பினாலும் வழக்கினாலும் கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணி முதல் எட்டு மணி ஐந்து நிமிடம் வரை, நாட்டு மக்கள் தத்தம் வளவில் நின்று குரங்கையும் மந்தியையும் மரஅணிலையும் மயிலையும் எண்ணுமாறு கேட்கப்பட்டனர். ஐந்து நிமிடம்! எண்ணப்பட்டவை யாவும் பயிரைத் தின்பவை. பயிரைத் தின்பவற்றைத் தின்னும் உயிர்கள் எத்தனை மிஞ்சியுள்ளன என எண்ண ஒரு நிமிடந்தானும் ஒதுக்கப்படவில்லை. மயில் பெருகியதற்கு நரி அருகியது ஒரு காரணம் எனச் சூழலியலாளர் சிலர் கருதுகின்றனர். அக்கருத்து முழுதும் சரியெனக் கொள்ளாவிடினும், நரியை எண்ணாமல் அதனைச் சோதிப்பது எங்ஙனம்?

பல்கலைக்கழகங்களும் இவ்விடயத்தில் நற்பெயர் எடுத்தனவல்ல. விலங்கியல் மாணவருக்குக் குறுந்தொகை தெரியாது. தமிழ் மாணவருக்குச் சாரைக்கும் விரியனுக்கும் வேறுபாடு தெரியாது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என ஒப்புவிக்கும் மாணவர் பலர், தம் ஊரின் கருப்பொருளிற் பத்து விலங்கைப் பெயர்சொல்ல இயலாதவர். கருப்பொருள் என்பது தேர்வுக்கான பட்டியலென்றே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. இரு துறையினரும் ஒரு மழைகாலத்தில், ஈரமண்ணிலே தடம் தெளிவாக விழும் நாட்களில், வல்வெட்டித்துறையின் இருபது வளவுகளைத் தெரிந்தெடுத்து, எந்த இழப்புக்கு எந்த உயிர் காரணம் என்று எழுதிவைப்பார்களாயின், ஊரிலே இன்று வழங்கும் தீர்ப்புகளிற் பாதி பொய்யெனத் தெரிந்துவிடும். இதற்கு வெளிநாட்டு நிதி வேண்டியதில்லை. குறிப்பேடும், அடிக்கோலும், விடியற்காலையில் எழும் பழக்கமும் போதும்.

அதுவரை கோழி வளர்ப்போர் செய்யத்தக்கது சிறிது உண்டு. கூட்டைக் கால் நாட்டி முழங்காலுக்கு மேலே உயர்த்துதல். அக்கால்களைச் சுற்றித் தகரம் அடித்தல். எளிதிற் கிழியும் கோழிவலையை விடுத்து அரையங்குலக் கண்ணுள்ள ஒட்டுக்கம்பிவலையைப் பயன்படுத்துதல். கூடு நிலத்திலேயே இருப்பின் அவ்வலையை ஓரடி ஆழத்துக்குப் புதைத்தல். கதவுக்குக் கயிற்றுக்குப் பதிலாக இரும்புக் கொளுக்கி வேண்டும். மரநாயும் நாயும் முகத்தால் முட்டித் திறப்பது கயிறு கட்டிய கதவையே. சிந்திய தீனியை மாலையிலேயே கூட்டி அள்ளிவிட்டால் எலி வராது. எலி வராத கூட்டினருகே பாம்புக்கு வேலை குறைவு. எல்லாவற்றுக்கும் முன்பாக, கோழியை மாலை விளக்கு வைத்த பின்னர் அடைக்கும் வழக்கத்தை விட்டு, வெளிச்சம் இருக்கும்போதே எண்ணி அடைத்தல் வேண்டும். வெருகும் மரநாயும் வேலியடிக்கு வருவது அந்த மங்கற் பொழுதிலேதான்.